இரண்டங்குலக் கோமாளிகள்

"தொட்டியில் மீன் செத்தால் வீட்டுக்கு நல்லது" என்று சொல்லுகிற ஒரு கட்சி நம்மிடையே பலமாக வளர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வரவிருந்த கெடுதலை அந்த வாயில்லா ஜீவன் தன் தலையில் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். படித்தவர்கள் சொல்லுகிறார்கள். வங்கியில் பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். செத்த மீனைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மாலையிலேயே போய் அடுத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள். இவ்வளவு சௌகரியமான சித்தாந்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கொன்றவனுக்குக் குற்றமும் இல்லை, செலவும் அதிகமில்லை, கூடவே கொஞ்சம் க்ஷேமமும் கிடைக்கிறது!

எல்லா மீன்களுக்காகவும் வழக்காட எனக்குத் திராணியில்லை. ஒரே ஒரு மீனுக்காகப் பேசுகிறேன். அதிலும் அதன் குஞ்சுகளுக்காக.

கடைகளில் இதற்குக் 'கிளௌன் லோச்' என்று பெயர். கோமாளி மீன் என்று வைத்துக்கொள்வோம். சினிமாவில் வந்து குழந்தைகளிடம் பெயர் வாங்கிய கடல் கோமாளி வேறு. இது ஆற்று மீன். ஆரஞ்சு உடம்பு, குறுக்கே மூன்று கறுப்புப் பட்டைகள், சிவந்த துடுப்புகள், வாயைச் சுற்றிச் சின்னச் சின்ன மீசைகள். கடையில் பார்க்கும்போது இரண்டங்குலம் இருக்கும். அந்த இரண்டங்குல அழகைக் கண்டு மயங்காதவனை நான் நம்பமாட்டேன். நானும் மயங்கியவன்தான். பதினோரு வருஷங்களாக ஏழு கோமாளிகள் என் வீட்டுக் கூடத்தில் குடியிருக்கின்றன. ஆகவே நான் சொல்லப்போவது ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

நம் மதுரைப் பக்கத்து அயிரைக்கு இது தூரத்து உறவு. அயிரைக்கு இருப்பதுபோலவே இதற்கும் கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்த முள் ஒன்று உண்டு. பயம் வந்தால் பேனாக்கத்தி மாதிரி விரித்துக்கொள்ளும். படேவியாவில் ராணுவ வைத்தியராக இருந்த பிளீக்கர் என்னும் டச்சுக்காரர் 1852-இல் இந்த மீனை உலகத்துக்கு விவரித்தபோது, பெரிய முள் உடையது என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். 2004-இல் இதற்கென்றே தனிப் பேரினம் வகுத்து, குரோமோபோட்டியா மக்ரகாந்தஸ் என்று ஆக்கினார்கள். விஞ்ஞானி முள்ளைப் பார்த்தார். வியாபாரி பட்டையைப் பார்த்தார். வியாபாரி வைத்த பெயர்தான் நின்றது. கோமாளி என்று பெயர் வைத்துவிட்டால் அது சாவதைக்கூட வேடிக்கை பார்க்கலாம் அல்லவா?

இனி, கடையில் உங்களுக்குச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இந்த மீன் ஓர் அடி நீளம்வரை வளரக்கூடியது. ஒழுங்காகக் காப்பாற்றினால் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அவன் படித்து, உத்தியோகம் பார்த்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற காலத்திலும் அது தொட்டியில் இருக்க வேண்டும். இரண்டங்குலம் என்பது அதன் வயசு. நாம் அதை அளவு என்று எண்ணி வாங்கி வருகிறோம்.

அந்த வயசில் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். கப்பி, மோலி, பொன்மீன் வகையறா கொளத்தூர்ப் பக்கத்திலேயே தொட்டி தொட்டியாகப் பெருகுகின்றன. கோமாளி மீன் அப்படிப் பெருகுகிற சாதி அல்ல. வீட்டுத் தொட்டியில் அது குஞ்சு பொரித்தது என்றால் அதிசயம். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறார்கள். நெடுங்காலமாக உலகத்துக் கடைகளுக்கெல்லாம் வந்தவை சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஆற்றில் பிடித்த குஞ்சுகள். மழைக்காலம் தொடங்கும்போது பெரிய மீன்கள் ஆற்றின் மேல்பக்கம் ஏறிப்போய் முட்டையிடும். குஞ்சுகள் வெள்ளத்தோடு கீழே இறங்கி, நீர் பரந்த காட்டுத் தாழ்நிலங்களில் வளரும். பத்தாங் ஹாரி போன்ற நதிகளில் அங்குள்ள ஜனங்கள் துளையிட்ட மூங்கில் துண்டுகளை நீரில் இறக்கி வைப்பார்கள். இந்த மீனுக்கு இடுக்கைக் கண்டால் நுழைந்துகொள்ளுகிற சுபாவம். பத்திரமான இடம் என்று நினைத்து உள்ளே போகும். மூங்கிலைத் தூக்கிக் கவிழ்த்தால் குஞ்சுகள் கொட்டும்.

புகலிடம் என்று நம்பிப் போன இடத்திலேயே பிடிபட்ட அந்தக் குஞ்சு, பல கை மாறி, பல தண்ணீர் மாறி, பட்டினி கிடந்து, பிளாஸ்டிக் பைக்குள் கடல் தாண்டி வருகிறது. வந்து சேருகிற இடம் எது? கூடத்தின் வடகிழக்கு மூலையில், வாஸ்து பார்த்து வைத்த ஒன்றரை அடிக் கண்ணாடிப் பெட்டி.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்" என்று விற்கிறவர் சொல்லுவார். வாங்குகிறவருக்கும் அது இனிக்கிறது. இது கலப்படமில்லாத பொய். மீனுக்குத் தொட்டியின் நீள அகலம் தெரியாது. சிறிய இடத்தில், தன் கழிவிலேயே ஊறி வளர்ச்சி குன்றிய மீனைப் பார்த்து, 'பார்த்தீர்களா, வளரவில்லை' என்கிறார்கள். சோறில்லாமல் வளர்ச்சி நின்றுபோன குழந்தையைக் காட்டி, 'எங்கள் வீடு சின்னது, அதனால் இவன் அளவாக வளர்ந்திருக்கிறான்' என்று ஒருவர் சொன்னால் அவரை என்ன செய்வோம்?

விற்கிறவரை மட்டும் நான் திட்டத் தயாராக இல்லை. அவர் வாடகை கொடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நாம் அடுத்த கடைக்குப் போய்விடுவோம் என்பது அவருக்குத் தெரியும். நாம் கேட்க ஆசைப்படுகிற பொய்யைத்தான் அவர் விற்கிறார். நம்முடைய மத்தியதர வர்க்கத்துக்கு என்று ஒரு மந்திரச் சொல் இருக்கிறது: 'அப்புறம்'. "இப்போ குட்டிதானே, சின்னத் தொட்டி போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." பிள்ளையின் படிப்பு, அப்பாவின் கண் ஆபரேஷன், மாடிப்படிக்குக் கைப்பிடி, எல்லாம் அப்புறம். அவையெல்லாம் எப்படியாவது சமாளித்துக்கொண்டு இருந்துவிடுகின்றன. மீனால் முடிவதில்லை.

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு கிரகப்பிரவேசம் நடந்தது. காலையில் ஹோமம், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் தொட்டி வந்தது. அன்றைக்கே தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே மூன்று கோமாளிக் குஞ்சுகளை விட்டார்கள். நான்காம் நாள் அந்த வீட்டுப் பையன், பத்து வயசிருக்கும், மூச்சிரைக்க ஓடிவந்தான். "மாமா, ஒண்ணு சாஞ்சு படுத்திருக்கு. செத்துப் போச்சா, தூங்குதா?"

போய்ப் பார்த்தேன். படுத்துத்தான் இருந்தது. இந்த மீனுக்கு அது வழக்கம். ஒருக்களித்து, சில சமயம் மல்லாந்துகூட, பிணம் மாதிரி கிடக்கும். தெரியாதவர்கள் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கண்ணாடியில் விரலை வைத்ததும் எழுந்து ஓடியது. பையன் கைகொட்டிச் சிரித்தான். ஆனால் அதன் வாலோரத்தில், உப்பைத் தூவினாற்போல் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகளையும் பார்த்தேன். அவன் தகப்பனாரிடம் சொன்னேன். "மருந்து வாங்கி ஊற்றிவிடுகிறேன் சார்" என்றார். பாதி அளவு ஊற்றுங்கள் என்றேன். "பாதி எதற்கு? முழுசாகவே ஊற்றினால் சீக்கிரம் குணமாகிவிடுமே!" என்றார். முழு அளவே ஊற்றினார். பன்னிரண்டாம் நாள் மூன்றும் போய்விட்டன.

பையன் அழுதான். பாட்டி அவனை அணைத்துக்கொண்டு, "அழாதேடா கண்ணா, புது வீட்டுக்கு வந்த திருஷ்டியை எல்லாம் அது வாங்கிண்டு போயிடுத்து" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையன் கேட்டான்: "அப்படின்னா இன்னும் மூணு வாங்கினா, இன்னும் திருஷ்டி போகுமா பாட்டி?"

அந்தக் கேள்வியைக் கேட்டு வீடே சிரித்தது. பையன் கெட்டிக்காரன் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று வந்தன.

என் கோபம் இங்கேதான் இருக்கிறது. மூன்று மீன்கள் செத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு குழந்தைக்கு இயற்கையாக வந்த துக்கத்தை, பெரியவர்கள் கூடி நின்று லாபக் கணக்காக மாற்றிக் கொடுத்தார்களே, அது என்ன நியாயம்? 'ஏன் செத்தது?' என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அவன் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டார்கள். பாட்டியை நான் குறை சொல்லவில்லை. அழுகிற பேரனைத் தேற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது. படித்த தகப்பனார் பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டினாரே, அவரைச் சொல்லுகிறேன்.

ஏன் செத்தன என்று நான் சொல்லுகிறேன். கல்லூரியில் பாதியில் நின்றுபோன என் ரசாயன அறிவுக்கே எட்டுகிற விஷயம் இது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது; அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த இரண்டு பாக்டீரியாவும் வடிகட்டியிலும் கூழாங்கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விடுவது, கழிப்பறை கட்டாத வீட்டில் பிரசவித்தவளைக் குடிவைக்கிற மாதிரி. வேறு மீனாவது தாங்கும். கோமாளிக் குஞ்சு தாங்காது.

வெள்ளைப் புள்ளி என்பது ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை அதை மருந்து தொடாது. பழுத்ததும் அது மீனை விட்டுக் கழன்று அடியில் விழுந்து, நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அப்போதுதான் மருந்து அதைக் கொல்லும். ஆகவே முழு அளவு ஊற்றினால் சீக்கிரம் குணமாகும் என்பது வெறும் அவசரம். தண்ணீரின் சூட்டைச் சிறிது சிறிதாக 30 டிகிரி வரைக்கும் ஏற்றினால் இந்தச் சுழற்சி வேகமாக நடக்கும். காற்றுக்குழாயை அதிகமாக ஓடவிட வேண்டும், சூடான நீரில் பிராணவாயு குறைவு. புள்ளி மறைந்த பிறகும் சில நாள் விடாமல் செய்ய வேண்டும். இந்த மீனின் செதில்கள் மிகப் பொடியானவை, தோலுக்குள் புதைந்தவை. மருந்து அதற்குச் சீக்கிரம் நஞ்சாகிவிடும். பாதி அளவு என்று நான் சொன்னது கஞ்சத்தனத்தால் அல்ல.

வாங்கும்போதே முதுகைப் பார்க்க வேண்டும். தலைக்குப் பின்னால் சதை வற்றி, முதுகு கத்திமுனை மாதிரி தெரிந்தால், வயிற்றில் புழு இருக்கலாம். தின்னத் தின்ன இளைத்துக்கொண்டே போகும். ஆற்றில் பிடித்த குஞ்சுகளுக்கு இது சகஜம். புதிதாக வந்ததை மூன்று நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல் மற்றவற்றோடு விடக்கூடாது. வலையால் பிடித்தால் கண்ணடி முள் சிக்கிக்கொள்ளும். ஒரு டம்ளரால் மொண்டு எடுப்பது உத்தமம். சென்னைக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை முறிக்காமல் ஊற்றக்கூடாது. டிசம்பர் இரவிலும், குளிர்சாதனம் ஓடுகிற அறையிலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும். தீனி மூழ்குகிற தீனியாக இருக்க வேண்டும். மேலே மிதப்பதை மற்ற மீன்கள் தின்றுவிடும், விளக்கணைத்த பிறகு வெளியே வருகிற இந்தக் குஞ்சு பட்டினி கிடக்கும். அடியில் கூரான கல் கூடாது, மீசை தேய்ந்துவிடும். ஒளிந்துகொள்ள மண்பானை, குழாய்த் துண்டு ஏதாவது வேண்டும். மூடி அவசியம் வேண்டும். துள்ளி வெளியே விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தனியாக வைக்கக்கூடாது. 'அழகுக்கு ஒன்று' என்று வாங்குகிறார்கள். ஒன்றோ இரண்டோ இருந்தால் பகலெல்லாம் மூலையில் பதுங்கிக் கிடந்து, பயத்திலேயே நோய் வாங்கிக்கொள்ளும். ஐந்தாறு இருந்தால்தான் அது என்ன மீன் என்பதே நமக்குத் தெரியும். என் வீட்டில் பெரியது ஒன்பது அங்குலம். அதிகாரம் அதனுடையதுதான். சின்னவற்றில் ஏதாவது எதிர்த்து நின்றால் இரண்டுக்கும் சண்டையில் நிறமே வெளுத்துச் சாம்பலாகிவிடும். அரை மணி கழித்து இரண்டும் ஒரே குழாய்க்குள் தலையைவிட்டுக் கிடக்கும். தீனியில் குஷி வந்தால் 'டிக், டிக்' என்று சொடுக்குப் போடுகிற சத்தம் கூடத்தில் கேட்கும். நாவலின் இரண்டு அத்தியாயங்கள் அந்தச் சத்தத்தில் கெட்டுப்போயிருக்கின்றன. போகட்டும்.

இப்போது இன்னொரு கட்சிக்காரர் எழுந்திருக்கிறார். "ஐயா, மதுரையில் அயிரை மீனை உயிரோடு பாலில் விட்டு, மண்ணைக் கக்க வைத்துக் குழம்பில் போடுகிறார்களே, அதைத் தின்றுவிட்டுத்தானே இதை எழுதுகிறீர்?" ஆமாம், தின்றிருக்கிறேன், பிரமாதமாக இருக்கும். அதை நான் மறைக்கப் போவதில்லை. அங்கே நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது: சாப்பாடு. பசிக்காகக் கொல்கிறோம் என்று கொல்கிறவனுக்கும் தெரியும், தின்கிறவனுக்கும் தெரியும். இங்கே பிரியம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வாரமோ இரண்டு வருஷமோ மூச்சுத் திணற வைக்கிறோம். அயிரையைக் குழம்பு வைக்கிற அம்மாள், அது என் திருஷ்டியைக் கழித்தது என்று பேசுவதில்லை.

"மனிதனுக்கே சோறில்லாதபோது மீனுக்கு வக்காலத்தா?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வியைத் தொட்டி வாங்கப் போகும்போது ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் பதில்.

பொறுமை இழந்த சிலர் வளர்ந்த மீனைக் கொண்டுபோய் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டு, 'விடுதலை' கொடுத்ததாகப் புளகாங்கிதம் அடைகிறார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்ற தென் அமெரிக்கக் கெளுத்தி இப்படித்தான் நம் ஏரிகளில் இறங்கி, இன்று மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. தன் வீட்டுத் தலைவலியை ஊருக்குக் கொடுப்பதற்குப் பெயர் ஜீவகாருண்யமா?

பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கோமாளி மீன் வாங்கலாமா என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். உங்களிடம் இரண்டடித் தொட்டிதான் இருக்கிறதென்றால் கப்பி வாங்குங்கள். பட்டையிட்ட ஸீப்ரா மீன் வாங்குங்கள், அது நம் நாட்டு மீன். இரண்டும் அழகுதான், பையன் ஏமாறமாட்டான். கோமாளிதான் வேண்டும் என்றால் ஆறு வாரம் காத்திருந்து, பழகிய நான்கடித் தொட்டியில் ஐந்தாறு குஞ்சுகளாக விடுங்கள். அவை ஐந்தாறு அங்குலம் ஆவதற்குள் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் இன்னொன்று வேண்டும். அது சுமார் 680 லிட்டர் கொள்ளும். தண்ணீரின் எடை மட்டுமே 680 கிலோ. வாடகை வீடாக இருந்தால், தொட்டியை வைக்கப் போகிற இடத்தைக் காட்டி, தளம் தாங்குமா என்று வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.